பொதுவளத்தைப் பேணுபவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுதிவருகிறேன். ஊதியம் எதிர்பார்த்ததில்லை. ஆனால் இன்று பெருநிறுவனங்கள் எங்கள் உழைப்பை மொத்தமாக அள்ளிச் சென்று செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டி, அதைச் சந்தாவுக்கு விற்கின்றன. போதாக்குறைக்கு, நான் எழுதிய கட்டுரை ஒன்றைச் சான்றில்லை என்று சொல்லி அண்மையில் நீக்கிவிட்டார்கள். பொதுவளம் என்பது ஏமாளிகளின் உழைப்பை வலியவர்கள் அனுபவிப்பதற்கு இட்ட பெயர்தானா? நான் தொடர வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. மனமுவந்து கொடுத்த ஒன்றை வேறொருவர் விலைக்கு விற்பதைக் காண்பது கசப்பானதுதான். ஆயினும் உங்கள் கடிதம் பெரும்பாலும் தவறான இடத்தில் கோபப்படுகிறது.

நீக்கப்பட்ட கட்டுரையைப் பற்றிப் பேச அதிகமில்லை. சான்று இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் நீக்கியவர் தம் கடமையைச் செய்திருக்கிறார். நிறுவனங்களைப் பொறுத்தவரை, விக்கிப்பீடியாவின் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதில்லை. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பவையே அதன் முக்கிய நிபந்தனைகள். அவற்றை மீறுபவர்களைக் கேள்வி கேளுங்கள், நானும் உடன் வருகிறேன். ஆனால் எத்தனை பேர் நகலெடுத்தாலும் உங்கள் கட்டுரை தேய்ந்துவிடாது.

தேய்வது அதைப் பேணுபவர்களின் நேரமும் பொறுமையும். சில மாதங்களாக என் சிந்தனை இதிலேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

மேய்ச்சல் நிலம் பொதுவாக இருந்தால் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை ஓட்டிவந்து அதை அழித்துவிடுவார்கள் என்று 1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதினார். அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரோம் அதை அப்படியே ஏற்கவில்லை. நெடுங்காலம் அழியாமல் நிலைத்த பொதுவளங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து, 1990இல் நூலாக எழுதினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் அவர் கண்ட பாசனச் சமூகங்களில், யாருக்கு எவ்வளவு நீர் என்ற விதியோடு, வாய்க்காலைச் செப்பனிட யார் எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. இணையத்தில் நாம் முதல் விதி தேவையில்லை என்று கண்டுகொண்டு, அந்த மகிழ்ச்சியில் இரண்டாவதையும் கைவிட்டுவிட்டோம்.

அதன் விளைவை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளை, ஊதியமின்றிப் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒருவரே பராமரித்துவந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று முன்பின் அறியாத பெயர்களில் சிலர் அவரை நச்சரித்தார்கள். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்று அவர் பொதுவிலேயே எழுதவும் செய்தார். அந்தச் சமயத்தில் உதவிக்கு வந்த ஒருவர், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, பிறகு அந்த மென்பொருளுக்குள் ஒரு பின்கதவை, அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழியை, புகுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஐயம் கொண்டு துருவியிராவிட்டால் அது இன்னும் பரவியிருக்கும். அந்த மென்பொருளைப் பயன்படுத்திய நிறுவனங்களில் பத்துப் பேர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்தப் பராமரிப்பாளரோடு அமர்ந்திருந்தால், அந்த அந்நியரின் உதவி அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் குழு ஒன்றில் முன்பு நானும் இருந்தேன். புதிய நூலைத் தொடங்கப் பலர் வருவார்கள். முதல் அத்தியாயத்தோடு போய்விடுவார்கள். ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் மட்டும் மற்றவர்கள் விட்டுப்போன பக்கங்களை எடுத்து, ஒற்றுப்பிழையிலிருந்து விடுபட்ட வரி வரை மெய்ப்பு பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார். எந்த நூலிலும் அவர் பெயர் இல்லை. அவர் நோயுற்று வராமற்போன பிறகு, முடிக்கப்படாத பக்கங்கள் குவிந்து, சில மாதங்களில் அந்த முயற்சியே நின்றுபோனது. எங்களில் ஒருவருக்கும் அவர் வேலையைக் கற்றுக்கொள்ளத் தோன்றியிருக்கவில்லை.

உங்கள் கடிதத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். எழுதியதாகச் சொல்கிறீர்கள், பிறர் கட்டுரையைத் திருத்தியதாகவோ, புதிதாக வந்த ஒருவருக்குக் கற்றுக்கொடுத்ததாகவோ ஒரு வரிகூட இல்லை. உங்கள் கட்டுரையை நீக்கியவரும் ஊதியமில்லாத தன்னார்வலர்தான் என்பது உங்கள் நினைவுக்கு வரவேயில்லை. நிறுவனங்கள்மேல் கோபப்படச் சரியான காரணமும் உண்டு: 2024 ஜனவரி முதல் படங்களையும் காணொளிகளையும் பதிவிறக்குவதற்கான தரவுப் போக்குவரத்து 50 விழுக்காடு கூடிவிட்டது, அதற்குப் பெரும்பாலும் தானியங்கி நிரல்களே காரணம் என்று 2025இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அறிவித்தது. வாய்க்கால் வேலைக்கு வராமல் நீரை மட்டும் எடுப்பவர்கள் அவர்கள். ஆனால் அதே கேள்வியை உங்களிடமும் நான் கேட்டாக வேண்டும், நண்பரே.

தொடர்வதும் விலகுவதும் உங்கள் விருப்பம். விலகுவதானால், உங்கள் கவனிப்புப் பட்டியலில், அதாவது மாற்றங்களை நீங்கள் கண்காணித்துவரும் பட்டியலில், உள்ள பக்கங்களை இனி யார் பார்த்துக்கொள்வார் என்று மற்றப் பயனர்களிடம் கேட்டு, ஒருவரிடமாவது ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.

அன்புடன்.