மெஷின் வந்துருச்சு, இனி எனக்கு என்ன வேலை?

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயசு. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில 19 வருஷமா இன்ஸ்பெக்டரா இருக்கேன். மைக்ரோஸ்கோப்ல சர்க்யூட் போர்ட பாத்து சோல்டர் சரியா இருக்கான்னு சொல்றதுதான் என் வேலை. போன வருஷம் கேமரா வச்சு போர்ட தானாவே சோதிக்கிற ஏஓஐ மெஷின் கொண்டு வந்துட்டாங்க. இப்ப அது சந்தேகப்பட்டத மட்டும் ஸ்க்ரீன்ல பாத்து ஓகே, ரிஜெக்ட்னு தட்டிக்கிட்டே இருக்கேன். ஷிப்ட் முடிஞ்சு பாலம் தாண்டி பட்டர்வொர்த் போய் சேரும்போது இன்னிக்கு என்னதான் செஞ்சேன்னு இருக்கு. விஎஸ்எஸ், அதான் காசு கொடுத்து நம்மளையே விலகச் சொல்ற திட்டம், வரப்போவுதுன்னு வேற பேசிக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே ரிசைன் பண்ணிட்டு வீட்டுல பலகாரம் செஞ்சு விக்கலாமான்னு தோணுது.
- பட்டர்வொர்த் வாசகி

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு மூணு தடவ படிச்சேன். அதுல ரெண்டு கஷ்டம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கு. வேலை போயிடுமோங்கிற பயம் ஒண்ணு, செய்யிற வேலைல ஒரு பிடிப்பும் இல்லையேங்கிற வெறும இன்னொண்ணு. ரெண்டையும் சேத்து வச்சு முடிவு எடுத்தா தப்பாத்தான் போகும், அதனால முதல்ல பயத்த மட்டும் பாப்போம், ஏன்னா அதுக்கு காகிதத்துல கணக்கு இருக்கு.

தயவு செஞ்சு ரிசைன் லெட்டர் மட்டும் எழுதாதீங்க மா. உங்க சம்பள சீட்டுல சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பக்கத்துல இஐஎஸ்னு ஒரு சின்ன தொகை பிடிக்கிறாங்கள்ல, 2018லேருந்து பிடிக்கிறது, அது வேலை இழந்தவங்களுக்கு ஆறு மாசம் வரைக்கும் குடும்பம் ஓட்ட உதவுற காப்புறுதி. விஎஸ்எஸ்ல போனாலும், ஆள் குறைப்புல போனாலும் விண்ணப்பிக்கலாம், ஆனா வேலை போன 60 நாளுக்குள்ள செஞ்சிடணும். நீங்களா ரிசைன் பண்ணிட்டா அது கிடைக்காது. அப்புறம், மாசம் 4,000 வெள்ளிக்குள்ள சம்பளம் வாங்கறவங்கள ஆள் குறைச்சா, அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சிருந்தா வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கொடுக்கணும்னு 1980ல வந்த ஆள் குறைப்பு விதி சொல்லுது. உங்க 19 வருஷத்துக்கு அது 380 நாள் சம்பளம். விஎஸ்எஸ்னு ஒரு தொகைய காட்டினாங்கன்னா அத இந்தக் கணக்கு பக்கத்துல வச்சுப் பாருங்க, கையெழுத்து போட அவசரப்படாதீங்க. இவ்வளவையும் கோபத்துல ஒரே நாள்ல விட்டுட்டு வந்துட்டா அப்புறம் எந்தப் பலகாரத்துல மா அத எடுக்கிறது?

சரி, இப்ப அந்த வெறும.

மெஷின் வந்து மனுசங்க கை சும்மா நிக்கிறது பாயான் லெப்பாஸ்க்கு புதுசு இல்ல. 1972ல அங்க ஃப்ரீ ட்ரேட் ஸோன் தொறந்தப்போ கம்பத்துலேருந்தும் எஸ்டேட்லேருந்தும் வந்த பொண்ணுங்க மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சு மயிரளவு கம்பிய சிப்ல ஒட்டினாங்க, கண்ணு போச்சு, கழுத்து போச்சு. அப்புறம் அதையும் மெஷின் செய்ய ஆரம்பிச்சதும் ஒரு ஆள் பல மெஷின பாக்கிற மாதிரி ஆச்சு. அவங்கள்ல எல்லாரும் நல்லா வந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நிறைய பேர் வீட்டுக்குத்தான் போனாங்க. நின்னவங்க மெஷின் ஏன் தப்பு பண்ணுதுன்னு கத்துக்கிட்டாங்க.

உங்க இடமும் அதுதான்னு நினைக்கிறேன். ஏஓஐ படம் பாத்து வித்தியாசத்த சொல்லும், அவ்வளவுதான். நிழல் விழுந்தாலும், சோல்டர் பண்ணும்போது போடுற ஃப்ளக்ஸோட கறை இருந்தாலும், சப்ளையர் மாறி பார்ட்டோட கலர் கொஞ்சம் வேறயா வந்தாலும் நல்ல போர்ட போய் கெட்டதுன்னு காட்டும். போர்டு நல்லதா கெட்டதான்னு அளக்குற ஐபிசி 610 ஸ்டாண்டர்ட எடுத்துக்குங்க, ஒரு குட்டி சிப் அது ஒட்ட வேண்டிய இடமான பேட்லேருந்து பக்கவாட்டுல நகந்து உக்காந்தா க்ளாஸ் 2 போர்டுல பாதி அகலம் வரைக்கும் விட்டுக் கொடுக்கலாம், க்ளாஸ் 3ல கால்வாசிக்கு மேல கூடாது. க்ளாஸ் 3ன்னா ஆஸ்பத்திரில உயிர காப்பாத்துற மெஷின், விமானம் மாதிரி நடுவுல நிக்கவே கூடாத சாமான். மெஷின் சந்தேகப்பட்ட இடத்துல நீங்க தட்டுற ஓகேதான் அந்த போர்டு அடுத்த கட்டத்துக்குப் போறதுக்கு மனுசங்க போடுற கையெழுத்து. யாருக்குப் போற போர்டுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியலன்னா நாளைக்கே சூப்பர்வைசர கேளுங்க. யாருக்குன்னு தெரியாம நாள் பூரா பட்டன் தட்டினா யாருக்குமே வெறுத்துதான் போகும், இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல, கம்பெனிதான் முதல் நாளே சொல்லியிருக்கணும். டவுன்ஹால் கூட்டம் போட்டு மாற்றம் மாற்றம்னு பேசுறவங்க லைன்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு இத சொல்லாம விடுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, மெஷின் சும்மா சும்மா ரிஜெக்ட் காட்டுறத எழுதி வைங்க, எந்த போர்டு, எந்த இடம், உங்களுக்கு ஏன் அது நல்லதுன்னு தோணுச்சு. கொஞ்ச நாள்ல ஒரே தப்பு திரும்பத் திரும்ப வர்றது தெரியும். அத ப்ராசஸ் இஞ்சினியர்கிட்ட கொண்டு போய் காட்டுங்க, ப்ரோக்ராம மாத்துறதுக்கு அவருக்கு அது வேணும், 19 வருஷ கண்ணு அவர்கிட்ட இல்ல. ஹெச்ஆர்கிட்டயும் நேரா கேளுங்க. ஊழியர் பயிற்சிக்குன்னு எச்ஆர்டி நிதிக்கு லெவி கட்டுற கம்பெனியா, அப்படின்னா என்னை ஐபிசி சர்டிபிகேட்டுக்கோ ஏஓஐ ப்ரோக்ராமிங்குக்கோ அனுப்புவீங்களான்னு. பக்கத்துலயே 1989லேருந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கு, ஃபேக்டரி ஆளுங்களுக்காகவே தொடங்கினது, அங்க என்ன கோர்ஸ் ஓடுதுன்னு முன்கூட்டியே பாத்துட்டுப் போங்க. தமிழ்ல யோசிச்சு மலாய்ல பேசத் தயக்கமா இருந்தா கேக்க வேண்டியத ஒரு தாள்ல எழுதிக்கிட்டே போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் செஞ்சும் பிடிக்கலன்னா போயிடுங்க, பலகாரக் கடையும் வேலைதான், நல்ல வேலை. ஆனா அதுக்கு முன்னாடி ஓஃப் நாள்ல ஆர்டர் எடுத்து செஞ்சு பாருங்க, எண்ணெய்க்கும் மாவுக்கும் போக கையில எவ்வளவு நிக்குதுன்னு கணக்கு எழுதுங்க. ஹெச்ஆர் என்ன சொன்னாங்கன்னு எனக்கு மறுபடி எழுதுங்க மா, விஎஸ்எஸ் தாள் கையில வந்தா கையெழுத்துக்கு முன்னாடியே எழுதுங்க.