38.9 என்றால் காய்ச்சலா, குளிர்ச்சியா?

கேள்வி: வணக்கம் டாக்டர். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைனில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, 16 கிலோ எடை. போன வாரம் ராத்திரி அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டில் இருந்த பாதரச தெர்மாமீட்டரில் எண் அழிந்துபோனதால் புதிதாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருந்தோம். அதில் 38.9 என்று காட்டியது. "காய்ச்சல்னா நூறுக்கு மேல வரணும், இது முப்பத்தெட்டு, புள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சு" என்று மாமியார் பயந்துபோய் ஸ்வெட்டர், குல்லா, இரண்டு கம்பளி எல்லாம் போட்டு மூடி, அறையில் கரி அடுப்பும் வைத்துவிட்டார். காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்து 102 என்றார்கள். எங்கள் தெர்மாமீட்டர் தப்பா? கொதிக்கிற தண்ணீரில் விட்டு 100 காட்டுகிறதா பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார் கணவர். பழைய தெர்மாமீட்டரை என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் காய்ச்சலைவிட என்னைப் பதற வைத்தது அந்தக் கரி அடுப்புதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலை வலிக்கும், அசத்தும், தூக்கம் வருவது போலவே இருக்கும், அப்படியே உயிர் போய்விடும். தூங்குகிற அறைக்குள் கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதுவும் வேண்டாம், டிசம்பர் மாத உறைபனியாக இருந்தாலும் சரி. உங்கள் மாமியார் பாசத்தில்தான் செய்தார். அவரிடம் கோபப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். உங்கள் தெர்மாமீட்டரும் சரி, ஆஸ்பத்திரியில் சொன்னதும் சரி. 38.9 டிகிரி செல்சியஸும் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டும் ஒரே சூடுதான். அன்று ராத்திரி குழந்தைக்கு நல்ல காய்ச்சல் இருந்திருக்கிறது.

இந்தக் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 1956-இல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்த பிறகு மைல் கிலோமீட்டரானது, படி லிட்டரானது, வானிலைச் செய்தியும் செல்சியஸுக்கு மாறியது. காய்ச்சல் மட்டும் நம் வாயில் ஃபாரன்ஹீட்டிலேயே நின்றுவிட்டது. ஊட்டியில் இன்று 5 டிகிரி என்று செய்தி கேட்கிற அதே வீட்டில், குழந்தைக்கு 102 என்று பேசுகிறோம். இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்று நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவுகோலை வெளியிட்டார். அதில் தண்ணீர் உறைவது 32, கொதிப்பது 212. செல்சியஸ் 1742-இல் கொண்டுவந்த அளவுகோல் அந்த இடைவெளியை நூறாகப் பிரித்தது. அவர் கொதிநிலையைத்தான் முதலில் பூஜ்யம் என்று வைத்திருந்தார். பிறகு அது தலைகீழாக மாற்றப்பட்டது. ஆக, உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே ஒருவருக்கு 180 படி, இன்னொருவருக்கு 100 படி. கணக்கு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்க நான் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழி இது: எண்ணை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32-ஐக் கூட்டுங்கள். உங்கள் மகளின் 38.9-ஐ எடுத்துக்கொள்வோம். இரட்டித்தால் 77.8. அதில் பத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 7.8, கழித்தால் 70. அதோடு 32 சேர்த்தால் 102. திருப்பிப் போக வேண்டுமானால் 102-இல் 32 போக 70, அதை 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 38.9.

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை முனகிக்கொண்டு கிடக்கும்போது யாருக்கும் பெருக்கல் வராது. அதனால் மருந்து வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் இதை எழுதி ஒட்டிவையுங்கள்: 35 என்றால் 95, 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. காய்ச்சல் என்று நாங்கள் எடுத்துக்கொள்வது 38-லிருந்து. அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிட அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைத்தே காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

தெர்மாமீட்டர் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவில் ஆங்கில 'சி' அல்லது 'எஃப்' எழுத்து இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். எப்படி என்று அட்டையோடு வந்த தாளில் இருக்கும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகியது ஃபாரன்ஹீட் என்றால் அதிலேயே வைத்துவிடுங்கள். டாக்டருக்குப் போன் செய்யும்போது வெறும் எண்ணைச் சொல்லாதீர்கள். "ரெண்டு டிகிரி இறங்கிடுச்சு டாக்டர்" என்று ஒருமுறை ஒரு தாய் போனில் சொன்னபோது நானே ஏமாந்திருக்கிறேன். செல்சியஸில் இரண்டு டிகிரி இறங்கினால் அது ஃபாரன்ஹீட்டில் 3.6, காய்ச்சல் கிட்டத்தட்ட விட்டுவிட்டது என்று அர்த்தம். அவர் சொன்னது ஃபாரன்ஹீட்டில். குழந்தைக்கு அப்போதும் 102 இருந்தது.

மருந்திலும் இதே தவறு நடக்கிறது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. குழந்தைக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 16 கிலோவுக்கு அதிகபட்சம் 240. பாட்டில் மாறினால் அதே ஸ்பூனில் மருந்து இரட்டிப்பாகிவிடும் அல்லது பாதியாகிவிடும். லேபிளைப் படித்து, உடன் வரும் அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

காய்ச்சல் குழந்தையைக் கம்பளிக்குள் மூட்டை கட்டாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். மலைக்குளிரில் ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு மெல்லிய போர்வை, குளிர் நடுக்கம் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல். கஞ்சித் தண்ணி, வெந்நீர் எதுவானாலும் அடிக்கடி கொடுங்கள். எண்ணைவிடக் குழந்தையைப் பாருங்கள்: குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால், நெடுநேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், 101 ஆனாலும் உடனே கிளம்புங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும் வர வேண்டும். லைனில் யார் வீட்டிலாவது மூன்று மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தை இருந்தால், அதற்கு 100.4 வந்தாலே காத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கு 97.7-க்குக் கீழே, அதாவது 36.5 செல்சியஸுக்குக் கீழே போனாலும் ஆபத்துதான். அப்போது தாயின் மார்போடு தோல் தோலில் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியை இந்த ஊர்க் குளிரில் முழுதாக நம்ப வேண்டாம். வெளியிலிருந்து வந்த குழந்தையின் நெற்றி சில்லென்று இருக்கும், எண் குறைத்தே வரும். கால் மணி நேரம் வீட்டுக்குள் உட்கார வைத்து, பிறகு அக்குளில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் கணவரின் யோசனை கடற்கரை ஊரில் தண்ணீரைப் பற்றிச் சரி. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதற்கும் கீழே. குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுப்பது அதனால்தான். குடிதண்ணீரைக் கொதிக்கவைக்க அந்தச் சூடு தாராளமாகப் போதும், நோய்க்கிருமிகள் செத்துவிடும். ஆனால் உடம்புச் சூட்டுக்கான தெர்மாமீட்டர் ஏறக்குறைய 42 டிகிரி வரைக்கும்தான். கொதிநீரில் விட்டால் பாதரச தெர்மாமீட்டர் வெடிக்கும், டிஜிட்டல் கெட்டுப்போகும். சந்தேகமாக இருந்தால் எங்கள் மாதிரி கிளினிக்குக்கு எடுத்துப்போய், அங்கே உள்ளதோடு ஒரே நேரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண் அழிந்த பழையது இனி பயன்படாது. குப்பையிலோ அடுப்பிலோ போடாமல், உடையாதபடி துணியில் சுற்றி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். அதற்குள் கை தவறி உடைந்துவிட்டால், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் பாதரசம் சின்னச் சின்ன மணியாகச் சிதறி மூலை முடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு கெட்டி அட்டைகளால் மெதுவாக ஒன்றுசேர்த்து, மூடி இறுகிய பாட்டிலில் போட்டு, அதையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.