பொய்ப்பல்லும் கரையிற தாடை எலும்பும்: கேள்வி பதில்

கொக்குவிலில இருந்து: டொக்டர், அம்மாக்கு 71 வயசு, நல்லா மெலிஞ்சு இப்ப 38 கிலோதான். கதைக்கேக்கயே கீழ்ப் பொய்ப்பல் செட் எழும்புது. செட் பிழையோ?

பதில்: செட்டைக் குறை சொல்ல முதல் எலும்பைப் பாக்கோணும் தங்கச்சி. பல்லுப் புடுங்கினாப் பிறகு அதைத் தாங்கின எலும்பு கரையத் தொடங்கும், முதல் வருசம் கூடக் கரையும், பிறகு ஆயுசு முழுக்க மெல்ல மெல்ல நடக்கும், அதிலயும் கீழ்த்தாடை மேல்த்தாடையை விட கிட்டத்தட்ட 4 மடங்கு வேகம். மாதவிடாய் நிண்டாப் பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் உடம்புக் கொழுப்பிலதான் உண்டாகும், மெலிஞ்ச ஆக்களுக்கு அதுவும் குறைவு, எலும்பும் இலேசாப் போயிடும். 38 கிலோ எண்டதுதான் எனக்குக் கவலை, விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா சரியான கஷ்டம், முதல்ல எலும்பு அடர்த்தி ஸ்கான் ஒண்டு எடுப்பியுங்கோ. அம்மாவின்ர சாப்பாட்டுக் கோப்பையையும் ஒருக்கா பாருங்கோ. செட் ஆடத் தொடங்கினா இறைச்சி, கடலை எல்லாம் நிப்பாட்டிப்போட்டு குழைச்ச சோறும் தேத்தண்ணியில தோய்ச்ச பிஸ்கட்டுமா இருப்பினம், வெளியில சொல்லவும் மாட்டினம். அதில இன்னும் மெலிவினம்.

சாவகச்சேரியில இருந்து: அப்ப நிறை கூடினா எலும்பு திரும்ப வருமோ?

பதில்: வராது அக்கா, கரைஞ்சது கரைஞ்சதுதான். குண்டான ஆக்களுக்கும் கரையும், அதால கொழுப்புச் சாப்பாடு குடுத்து நிறை ஏத்த வேண்டாம். மிச்ச எலும்பையும் தசையையும் காப்பாத்தத்தான் சாப்பாடு. 50 தாண்டின பொம்பிளையளுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் வேணும். குரக்கன் புட்டு, தயிர், முட்டை, நெத்தலியை முள்ளோட அவிச்சு அரைச்சுக் குடுக்கலாம்.

பருத்தித்துறையில இருந்து: அம்மம்மா செட்டோடயே படுக்கிறா, பறவாயில்லையோ?

பதில்: வேண்டாம். முரசு அவிஞ்சு சிவக்கும், பூஞ்சணம் பிடிக்கும். கழட்டி, கழுவி, பச்சைத்தண்ணியில போடுங்கோ. சுடுதண்ணி விட்டா வளைஞ்சிடும்.

கனடாவில இருந்து: மாமிக்கு ஒட்டுற பசை அனுப்பட்டோ?

பதில்: சிங்க் இல்லாததாப் பாத்து அனுப்புங்கோ தம்பி. சிங்க் உள்ளதை வருசக்கணக்கா அள்ளிப் பூசினா உடம்பில செம்புச்சத்து குறைஞ்சு கால் விறைக்கும். நாளுக்கு நாள் பசை கூடத் தேவைப்பட்டா செட்டின்ர உள்பக்கத்தை நிரப்பி ரீலைன் பண்ணோணும். மாமி எலும்புக்குக் கிழமைக்கு ஒரு குளிசை போடுறவவோ எண்டும் கேளுங்கோ, மிச்சப் பல்லுப் புடுங்க முதல் பல் டொக்டருக்கு அதைக் கட்டாயம் சொல்லோணும், அந்தக் குளிசை போடுற சிலருக்குப் புடுங்கின இடத்து எலும்பு ஆறாமல் கிடக்கும்.