பாடவும் தெரியாது, பிரசங்கிக்கவும் தெரியாது. நான் என்ன ஊழியம் செய்வது?

கேள்வி கேட்ட தம்பி குன்னூரில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார். ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறார். பாடகர் குழுவில் சேரக் குரல் இல்லை, மேடையேறக் கூச்சம். "ஊழியம் செய்யாத கிறிஸ்தவன் கனி கொடாத மரம்" என்று யாரோ சொன்னது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இரட்சிப்புக்கு விசுவாசம் போதாதா, சேவை செய்தே ஆகவேண்டுமா, செய்வதென்றால் எங்கே தொடங்குவது, போகும் இடத்தில் இயேசுவைப் பற்றிப் பேச வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஆகவே முதல் கேள்வியை விரைவாகத் தாண்டிவிடுகிறேன். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் எட்டாம் வசனம் கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்கிறது. பத்தாம் வசனம் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது, அதுவும் யாரும் பெருமைபாராட்டாதபடிக்கு என்று எச்சரிக்கிறது. சேவையைச் சேர்த்துவைத்துப் பரலோகத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. சேவையே வேண்டாம் என்பதற்கும் இடமில்லை. யாக்கோபு இன்னும் நேராகக் கேட்கிறார்: உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒருவரிடம், வேண்டியதைக் கொடுக்காமல், "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பயன்? ஜனவரி மாதத்து உறைபனியில் தகரக் கூரையின் கீழே படுத்திருப்பவர்களின் நடுவில் இருந்து இந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள்.

ஊழியம் என்றாலே மைக் என்று நம் சபைகளில் ஆகிவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் என்ன நடந்தது? எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பங்கிடுவதில், கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சோற்றைச் சரியாகப் பங்கிடும் அந்த வேலைக்குக் கேட்கப்பட்ட தகுதி என்ன தெரியுமா? நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். இன்று சபை விருந்தில் பரிமாறுவதற்கு நாம் கேட்கும் தகுதி "சும்மா இருக்கும் பையன் யார்?" என்பதுதான்.

எங்கள் சபையில் நான் பெரிய ஊழியக்காரர்கள் என்று மதிப்பவர்களுக்குப் பட்டியலில் பெயர் இல்லை. மழைக்காலத்தில் இங்கே ஒரு சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது எளிதில்லை. வெட்ட வெட்டப் பக்கத்து மண் சரியும், அடியில் ஊற்று சுரக்கும். பெட்டி வந்து சேரும்வரை இரண்டு பேர் உள்ளே நின்று வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆயர் ஐயா வந்து ஜெபத்தைத் தொடங்கும்போது அவர்கள் சேற்றுக் கால்களோடு சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். நன்றி அறிவிப்பில் அவர்கள் பெயர் வந்து நான் கேட்டதில்லை. அவர்களும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். கால் கழுவுதல்.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பெரிய வியாழன் அன்று ஆலயத்தில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அது முறையாக நடக்கிறது. 2013-ல் போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த சில நாட்களிலேயே ரோமில் இருந்த சிறார் சிறைக்குப் போய், அங்கிருந்த இளைஞர்களின் கால்களைக் கழுவினார், அவர்களில் பெண்களும் இருந்தார்கள். 2016-ல் சடங்கின் விதியையே மாற்றிப் பெண்களுக்கும் இடம் கொடுத்தார். நம் ஊர்களிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, புதுச் சாக்ஸ் அணிந்து வருவார்கள். தப்பில்லை, சபைக்கு முன்னால் அழுக்குக் காலை நீட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் கழுவ வேண்டிய கால்கள் அன்று ஆலயத்துக்கு வருவதில்லை. அவை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் கட்டிலில் கிடக்கின்றன.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். சமவெளியில் இது ஒரு தொல்லை என்றால் மலையில் இரண்டு தொல்லை. கால் எப்போதும் சில்லென்று இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் சுடுவது தெரியாது. ராத்திரி கரி அடுப்பின் பக்கத்தில் பாதத்தை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவார்கள். காலையில் குதிகாலில் கொப்புளம் பொங்கி நிற்கும், வலி இருக்காது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். தேயிலை பறிக்கப் போகும் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸுக்குள் சிறு கல் கிடந்தாலும் மாலையில் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண்ணைக் கவனிக்காமல் விட்டு, விரல் போய், பிறகு பாதம் போனவர்களைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வேண்டியது பெரிய மருத்துவம் இல்லை. தினம் ஒருவர் அந்தக் காலைக் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நோயாளியின் காலை நம்பாமல் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். வெகுநேரம் ஊறவைக்கக் கூடாது. கழுவியபின் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் தங்கவே கூடாது. வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். காலாணியைப் பிளேடால் சீவும் வீரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து பிளேடைப் பிடுங்குவதும் ஊழியம்தான். புண், கருப்பு, நாற்றம், புதிதாக வீக்கம் என்று ஏதாவது கண்டால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான் போய்வரும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் ஒரு பாட்டி இருக்கிறார். 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், மாரியம்மன் பக்தை. முதல் தடவை போனபோது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "நர்சம்மா, நீங்கள் என் காலைத் தொடுவதா? எனக்குப் பாவம் சேரும்" என்றார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. பிறகு அவரே வழி சொன்னார். "முதலில் தேத்தண்ணீர் குடியுங்கள், அப்புறம் காட்டுகிறேன்." பால் சேர்க்காத தேத்தண்ணீர். சர்க்கரையைக் கலக்காமல் ஒரு துண்டு வெல்லத்தை என் உள்ளங்கையில் வைத்து, கடித்துக் கடித்துக் குடிக்கச் சொன்னார். இலங்கைத் தோட்டப் பழக்கமாம். சர்க்கரை நோய்க்காரர் வீட்டில் வெல்லம் எதற்கு என்று நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது. "வருகிறவர்களுக்கு" என்றார். குடித்து முடித்தபின் காலை நீட்டினார். இன்றுவரை அந்த வரிசை மாறவில்லை: முதலில் தேத்தண்ணீர், பிறகு கால்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும் யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை "நாமும் மற்றவர்களின் கால்களைக் கழுவ வேண்டும்" என்று முடியும். பேதுருவின் பேச்சை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த அதிகாரத்தின் நடுவே இருக்கும் முள் அதுதான். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறார் பேதுரு. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று பதில் வருகிறது. எவ்வளவு கடுமையான பதில்! சேவை செய்கிற நம்மில் பலர் பேதுருவின் வகைதான். கழுவச் சொன்னால் முந்திக்கொண்டு ஓடுவோம், நம் காலைக் காட்டச் சொன்னால் மறைப்போம். அடுத்த வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டுபோவோம், நமக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வோம். அதைத் தாழ்மை என்றும் நினைத்துக்கொள்வோம்.

இயேசு அப்படி இருக்கவில்லை. சீகாரில் கிணற்றடியில் உட்கார்ந்து சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேதுருவின் மாமி காய்ச்சல் நீங்கி எழுந்ததும் செய்த பணிவிடையை ஏற்றுக்கொண்டார். மகதலேனா மரியாளும் யோவன்னாளும் சூசன்னாளும் இன்னும் பல பெண்களும் தங்கள் ஆஸ்திகளைக்கொண்டு அவருக்கு ஊழியம் செய்ததாக லூக்கா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்று சொன்னவர், அன்போடு கொடுத்ததை ஒருபோதும் தட்டிவிடவில்லை. நர்ஸிங் படிப்பில் வரலாறு என்று ஒரு பாடம் உண்டு. அதில் பெபேயாளை வீடு தேடிப்போன முதல் நர்ஸ் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ரோமர் பதினாறில் இருப்பது அதைவிடக் குறைவு, ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான அவள் பலருக்கும் "எனக்குங்கூட" ஆதரவாக இருந்தவள் என்று பவுல் எழுதுகிறார். பவுலே ஒருத்தியிடம் உதவி பெற்றதை எழுத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டிசம்பர் தொடங்கியதும் மலைக்கு வண்டி வண்டியாகக் கம்பளி வரும். பேனர் கட்டுவார்கள். வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே கம்பளியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை. குளிருக்குக் கம்பளி தேவை, அதில் சந்தேகமில்லை, நானும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் பெரியவர் வாங்குகிறவராக மட்டுமே நிற்கிறார். ஒரு வாய்த் தேநீர் கொடுக்கக்கூட அவருக்கு இடம் வைக்கவில்லை. வலதுகை செய்கிறதை இடதுகை அறியக் கூடாது என்றார் ஆண்டவர். நாம் இரண்டு கையையும் படம் பிடித்து மாவட்டம் முழுக்க அனுப்புகிறோம்.

கடைசிக் கேள்வி, இயேசுவைப் பற்றிப் பேசுவதா என்பது. நம் மலையிலேயே பதில் இருக்கிறது. கேத்தியில் ஜார்ஜ் காசமேஜர் என்ற ஓய்வு பெற்ற நீதிபதி, நீலகிரியின் படகர் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1846-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் அங்கே வந்தது. 1849-ல் அவர் இறந்தபோது சொத்தை மிஷனுக்கே விட்டுச்சென்றார். மெட்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனெரி ஹட்டி ஹட்டியாக, அதாவது படகர் ஊர் ஊராக, நடந்தார். பேசினார், விரட்டப்பட்டார், மறுபடியும் போனார். படகரில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858-ல். பன்னிரண்டு ஆண்டுகள்! இன்றைய கமிட்டியாக இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே "பலன் இல்லை" என்று எழுதிப் பணத்தை நிறுத்தியிருக்கும். அவர்கள் வாயை மூடிக்கொண்டு சேவை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, வெளிப்படையாகவே பிரசங்கித்தார்கள். ஆனால் கேட்க மறுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு சாத்தப்படவில்லை. எனக்கு அது போதுமான அளவுகோல். பாட்டி "ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்டார், சொன்னேன். "உங்கள் சாமி நல்ல சாமிதான்" என்றார். அவர் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறார், நான் வெள்ளிக்கிழமை அவர் காலைப் பார்க்கப் போகிறேன். காலைக் காட்டி நிற்கிறவருக்கு எழுந்து போக வழியில்லை. அந்த நேரத்தில் கைப்பிரதியை நீட்டுவது எனக்கு முறையாகப் படவில்லை. கேட்டால் சொல்லுங்கள், மறைக்கவும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்றால், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரிடம், வீட்டுத் திருவிருந்து யார் யாருக்குக் கொண்டுபோகிறார் என்று கேளுங்கள். ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் பட்டியல் அதுதான், எந்தச் சபையிலும் தயாராக இருக்கும். அடுத்த தடவை அவரோடு கூடப் போங்கள். மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள், பெயர் பதியாமல் விட்டவர்கள் இருப்பார்கள். ஊட்டிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டியவர் இருந்தால் ஒரு நாள் விடுப்பு எடுத்துக் கூடப் போங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடிப்பது, சீட்டு வாங்க வரிசையில் நிற்பது, டாக்டர் சொன்னதை எழுதிக்கொள்வது, இதற்கெல்லாம் குரல் வளம் வேண்டாம். அவர் கடையில் உங்களுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தால் காசை நீட்டித் தடுக்காதீர்கள்.

பெண்கள் இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓர் அக்காவை அழைத்துக்கொள்ளுங்கள். நகம் வெட்டிவிட நேர்ந்தால் நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் சதையில் குத்திப் புண்ணாகும். ஒரே நகவெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோகாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குன்னூர் மார்க்கெட்டில் விலை அதிகம் இருக்காது.