முழங்கால் சத்திரசிகிச்சையும் தீவக வாழ்வும்: கேள்வி பதில்

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). வேலை யாழ்ப்பாணத்தில், பிறந்த வீடு நெடுந்தீவில். என் அம்மாவுக்கு இடது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தியபின் அவரைக் கடல் தாண்டிக் கூட்டிப்போய் நடக்கவைத்தது நானும் தங்கையும்தான். நகரத்து நோயாளிக்குச் சொல்லும் ஆலோசனை தீவில் பாதிதான் பொருந்தும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். தீவகத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தோடு பதில் சொல்கிறேன்.

எனக்கு 63 வயது. முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு எந்த மாதம் நல்லது என்று கேட்டால் டொக்டர் சிரிக்கிறார். (நெடுந்தீவு)

ஐயா, சரியான கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். ஒக்டோபரில் இருந்து மழை, வாடை, தாழமுக்கம். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் நம் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். பெப்ரவரி தொடக்கத்தில் ஆபரேஷன் நடந்தால், தையல் வெட்டி வீடு திரும்புவதும் ஆறாம் கிழமை கிளினிக்குக்கு மறுபடி கடல் தாண்டுவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும். உங்கள் டொக்டரிடம் காற்றின் கணக்கை விளக்கிச் சொல்லுங்கள். திகதி தள்ளிப்போனால் அந்த நாட்களை வீணாக்க வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பாருங்கள். தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள்.

அம்மாவை ஐந்தாம் நாள் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) அனுப்பிவிட்டார்கள். அன்றே படகேற்றலாமா?

வேண்டாம், தங்கச்சி. 10 முதல் 14 நாட்களுக்குள் தையல் வெட்டுவார்கள். அதுவரை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் வைத்திருங்கள். காயத்தில் நீர் கசிந்தால் அரை மணியில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய இடத்தில் அவர் இருக்க வேண்டும். காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் முதல் கிழமைகளில்தான் அதிகம். அதற்குத் தந்த மருந்தை டொக்டர் சொன்ன கடைசி நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள். ஊருக்குப் புறப்படும்போது எல்லா மருந்திலும் ஐந்து நாளுக்கு மேலதிகமாக வாங்கி வையுங்கள். படகு ஓடாத நாளில் மருந்துச்சீட்டு கையில் இருந்து பயனில்லை.

நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்மாவை ஏற்றிய காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. படகு அரை அடி எழும்பும், ஓரடி தாழும். ஊன்றுகோல்களை நாங்கள் முதலே உள்ளே கொடுத்துவிட்டோம், அந்த நேரத்தில் அவை கையில் இருந்தால் ஆபத்து. படகுக்குள் நின்ற ஒருவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். வியர்த்த உள்ளங்கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. பின்னால் இடுப்பைப் பிடித்தபடி நான். மூன்று அலையை எண்ணினோம். நான்காவதில் படகின் விளிம்பு துறையோடு சமமாக எழும்பிய கணத்தில் "இப்போது" என்றேன், அம்மா கால் வைத்தார். அவசரப்படுத்திய ஒருவரிடம் அன்று நான் கடுமையாகப் பேசினேன், அதற்காக இன்றைக்கும் வருந்தவில்லை.

படகில் நடுப்பகுதியில் இருத்துங்கள், முன்பக்கம் தூக்கிப் போடும். ஒரு மணி நேரப் பயணம் முழுவதும் கால் மடங்கியே இருக்கக்கூடாது. எதிரே ஒரு பையை வைத்துக் குதியை அதன்மேல் நீட்டச் சொல்லுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வரட்டும். நோவு மாத்திரையைப் படகேற முக்கால் மணிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறது. கூடாது என்கிறார்களே?

கூடாது. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றே கேட்கிறார்கள், முழுவதுமாக நிமிர்கிறதா என்று கேட்பவர் குறைவு. தலையணைச் சுகத்தில் கால் வளைந்தபடியே இறுகிவிட்டால் ஆயுள் முழுக்க நொண்டி நடக்க நேரிடும். சுருட்டிய துவாயைக் குதிக்குக் கீழே வைத்து, முழங்கால் அந்தரத்தில் நிற்க, அது தன் பாரத்திலேயே கீழே இறங்க விடுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்துக்குக் கொண்டுபோங்கள், நாளுக்கு மூன்று நான்கு தடவை. நோகும். அந்த நோவு தாங்கக்கூடியது.

இயன்மருத்துவத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் வரச் சொன்னார்கள். மாதம் ஒருமுறைதான் என்னால் வர முடியும். கால் வீணாகிவிடுமா?

வீணாகாது, அம்மா. கிளினிக்கில் நாங்கள் உங்களோடு இருப்பது அரை மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் கால் உங்களிடம்தான் இருக்கிறது. துண்டு வெட்டும் முன் ஒவ்வொரு பயிற்சியையும் மகனின் தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குதியைப் பாயில் இழுத்து மடக்குவது, தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்துவது, நேராக நீட்டிய காலைத் தூக்குவது, கதிரையில் இருந்து எழுவது: வீட்டில் செய்ய இந்த நான்கும் போதும். இரண்டு கிழமையில் கதிரையில் இருப்பதுபோல் செங்கோணம் மடங்கினால் நல்ல முன்னேற்றம். ஆறாம் கிழமையிலும் அந்த அளவு வராவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குத் தகவல் கொடுங்கள்.

நடைக்கு மணல் ஒழுங்கையைத் தவிருங்கள், ஊன்றுகோல் புதையும். கல் மதில் ஓரமாக, இறுகிய தரையில், வெயில் ஏறும் முன் நடவுங்கள்.

படியில் எந்தக் காலை முதலில் வைப்பது?

ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால். ஒற்றைத் தடி என்றால் நல்ல கால் பக்கத்துக் கையில்.

எங்கள் வீட்டில் குந்தும் கழிப்பறை. கிணறும் தள்ளி இருக்கிறது.

கழிப்பறைக்கு நடுவில் துளையிட்ட கதிரை வேண்டும். கடையில் வாங்க வசதியில்லாவிட்டால் ஊர்த் தச்சரிடம் உறுதியான மரக்கதிரையைக் கொடுத்து வெட்டுவியுங்கள். கால்கள் ஆடக்கூடாது, பிடிக்கக் கைப்பிடி இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே அதில் இருந்து பழகுங்கள். பாயில் படுப்பதும் தரையில் சம்மணம் கொட்டுவதும் இப்போதைக்கு இல்லை, கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கும் வேலையை மூன்று மாதத்துக்கு வேறு யாரிடமாவது கொடுங்கள். இந்த ஒன்றில் நம் பெண்கள் பேச்சுக் கேட்பதில்லை. என் அம்மாவும் கேட்கவில்லை, ஐந்தாம் கிழமை முழங்கால் தேங்காய்போல் வீங்கிவிட்டது.

ஐஸ் வைக்கச் சொன்னார்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை.

மீன் வாடிக்கு வரும் ஐஸ் போதும், தம்பி. ஆனால் அது அழுக்கு. உடைத்து இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, மேலே துவாயைச் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். உருகிய நீர் காயத்தில் படவே கூடாது.

நண்டு, இறால், சூரை எல்லாம் கிரந்தி, புண்ணை ஆறவிடாது என்று மாமி தரமாட்டேன் என்கிறார். பரியாரியார் (நாட்டு வைத்தியர்) எண்ணெய் தேய்க்கலாம் என்கிறார்.

மாமியின் அக்கறைக்கு மரியாதை கொடுங்கள், சரக்குக் கறியை மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் மீனையும் முட்டையையும் ஒதுக்கத் தேவையில்லை. சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறாத காயத்தில் எண்ணெயோ இலைப் பற்றோ கூடாது. கெண்டைக்காலை உருவவும் கூடாது. அங்கே இரத்தம் உறைந்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

ஏழு கிழமையாகியும் கால் சூடாக இருக்கிறது. தழும்பின் வெளிப்பக்கம் விறைப்பு.

இரண்டும் பெரும்பாலும் இயல்பு. சூடும் வீக்கமும் மூன்று முதல் ஆறு மாதம் வரை நீடிக்கலாம், விறைத்த இடம் சிலருக்கு நிரந்தரமாகவே இருந்துவிடும். சூடு நாளுக்கு நாள் ஏறினால், சிவப்புப் பரவினால், காயம் கசிந்தால், காய்ச்சலோடு நடுக்கம் வந்தால் அடுத்த படகிலேயே புறப்படுங்கள். காயத்துக்கு மருந்து கட்டியவர் வேறு, ஆபரேஷன் செய்தவர் வேறு என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள்.

இரவில் ஏதாவது நடந்தால்?

கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு நொந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். தீவு வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள். கடற்படைப் படகில் நோயாளியை அனுப்பும் ஒழுங்கை அவர்கள் செய்வார்கள், அக்கரையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது. துண்டு வெட்டிய அட்டையும் மருந்துப் பட்டியலும் ஒரே பொலித்தீன் பையில் கதவருகே தொங்கட்டும்.

வயது 27. பந்தடியில் முழங்கால் சவ்வு அறுந்து புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் நோவே இல்லை. கடல் தொழிலுக்குப் போகலாமா? (ஊர்காவற்றுறை)

தம்பி, நோவு போய்விட்டது என்பதால்தான் பயப்படுகிறேன். கட்டிய சவ்வு முதல் மாதங்களில் பலவீனமடைந்து, பிறகுதான் மெல்ல இறுகும். ஆடும் படகில் காலை உதைத்து ஊன்றி, உடம்பைத் திருப்பி வலை இழுப்பது அந்தச் சவ்வை முறுக்கும் வேலை. கரையில் வலை பொத்துவது, மீன் தெரிவது எல்லாம் செய்யுங்கள். கடலுக்கு எப்போது என்பதைக் காலின் பலத்தைச் சோதித்துப் பார்த்தே சொல்ல முடியும். பந்தடிக்கு ஒன்பது மாதத்துக்கு முன் கால் வைக்கவே வேண்டாம்.

கோவிலில் (தேவாலயத்தில்) முழந்தாளிட முடியுமா?

காயம் முழுதாக ஆறிச் சில மாதம் போனபின், டொக்டர் சம்மதித்தால், மெத்தையில் முயன்று பாருங்கள். செயற்கை மூட்டு உள்ள பலருக்குக் கடைசிவரை அது சுகப்படுவதில்லை. என் அம்மா பூசையில் வாங்கின் கரையோரம் இருந்து, இடது காலை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொள்வார். பங்கில் எல்லோரும் இப்போது அந்த இடத்தை அவருக்கென்று விட்டுவிடுகிறார்கள்.