திப்பிக்கு அமிலம் எதற்கு? கேள்வி பதில்

ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஆலை உரிமையாளர்: ஐயா, மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் பிழிந்த பிறகு மிஞ்சும் திப்பியை எத்தனாலாக்க முதலில் அமிலத்தில் வேகவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வைக்கோலில் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளை லிக்னின் என்ற கடினப் பொருள் இறுகப் பற்றியிருக்கிறது. அதைத் தளர்த்தத்தான் அமிலமும் காரமும் நீராவியும். திப்பியில் லிக்னின் சொற்பம். பால் பிழிந்த பிறகும் உலர் எடையில் பாதியளவு மாவுச்சத்து நாருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நன்றாக அரைத்து, தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கூழாக்குங்கள். ஆல்பா அமைலேஸ் நொதியும், பிறகு 60 டிகிரியில் குளுக்கோஅமைலேஸ் நொதியும் சேர்த்தால் மாவு சர்க்கரையாகும். ஆறிய கூழில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவு மிச்சமிருக்கிறது. பழுப்பாகவே நின்றால், 30 டிகிரிக்கு ஆறியதும் சர்க்கரையை எத்தனாலாக்க ஈஸ்ட் சேர்க்கலாம். அமிலத்தில் கடுமையாகக் காய்ச்சினால் சர்க்கரையே சிதைந்து, ஈஸ்டை முடக்கும் பொருள்கள் உண்டாகும். கையில் இருப்பதைக் காசு கொடுத்துக் கெடுப்பானேன்?

ஏற்காடு காபித் தோட்டக்காரர்: காபிப் பழத்தோல் ஆகுமா?

பதில்: ஆகும். ஆனால் காஃபீனும் டானினும் நொதித்தலைத் தடுக்கும். பழத்தோலை அன்றன்றே பயன்படுத்துங்கள்.

ஓமலூர் மாணவர்: வைக்கோலுக்கு எவ்வளவு கந்தக அமிலம்?

பதில்: பொதுவாக 0.5 முதல் 2 சதவீதம். கல்லூரி ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரி. தம்பி, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

மேட்டூர் வாசகர்: அமிலம் எத்தனை சதவீதம்?

பதில்: மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள். தண்ணீரில்தான் அமிலம்!

சங்ககிரி வாசகர்: வீட்டிலேயே காய்ச்சி வடிக்கலாமா?

பதில்: உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம்.

தலைவாசல் மாடு வளர்ப்பவர்: திப்பியை எரிபொருளாக்கினால் எங்கள் மாடுகள் எதைத் தின்னும்?

பதில்: நியாயமான கேள்வி. வெயிலில் வெள்ளையாகக் காய்ந்த திப்பி தீவனத்துக்கே போகட்டும். அதை ஈஸ்டுக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆத்தூர் உரிமையாளர்: ஐயா, மழை மாதங்களில் களத்தில் எதுவும் காய்வதில்லை. புளித்த திப்பியை மாட்டுக்காரரே வாங்கமாட்டார்!

தலைவாசல்காரர்: புளித்ததைப் போட்டு மாட்டுக்கு வயிறு ஊதினால் யார் பொறுப்பு?

பதில்: இருவரும் சொல்வது ஒன்றுதான். களத்தில் காயாத ஈரத் திப்பிதான் எத்தனாலுக்கு ஏற்றது. எப்படியும் தண்ணீர் சேர்த்துத்தானே வேகவைக்கப்போகிறோம்? புளிக்குமுன் அன்றே வேகவையுங்கள். குவித்து வைத்தால் பாக்டீரியா உங்கள் சர்க்கரையைத் தின்றுவிடும்.