சிலிக்கான் ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, எதிர்மின்முனையில் கிராஃபைட் போட்ட லித்தியம் பேட்டரி 1990-களிலிருந்து விற்பனையில் நன்றாகத்தானே ஓடுகிறது, இவள் அந்த இடத்தில் சிலிக்கானைப் போடும் ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடத்தை வீணாக்கிவிடுவாளோ என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அவள் கிராஃபைட்டை விட்டுவிட்டுப் போகவில்லை, இன்று சிலிக்கான் சேர்த்து விற்கும் பேட்டரி செல்களில் பெரும்பாலும் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலந்துதான் சேர்க்கிறார்கள்.

ஏன் கொஞ்சம்? ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் தாங்கும், சிலிக்கானோ 3,500-க்கும் மேல். ஆனால் அவ்வளவு லித்தியத்தை உள்ளே வாங்கும்போது அது மூன்று நான்கு மடங்காக உப்பிவிடும், கிராஃபைட் பத்து சதவீதம் போலத்தான். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கித் துகள் விரிசல் விடுகிறது, விரிசலில் தெரியும் புதுப் பரப்பில் மின்பகுளி (பேட்டரிக்குள் இருக்கும் திரவம்) வினைபுரிந்து படலம் கட்டுகிறது, ஒவ்வொரு படலமும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. இதைச் சமாளிக்க மின்வேதியியல், துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பைண்டர் பாலிமர், பொருளின் இயக்கவியல் எல்லாம் கற்றாக வேண்டும். நாளைக்கு சோடியம் பேட்டரியோ திடநிலை பேட்டரியோ வந்தாலும் அந்தப் படிப்பு கைகொடுக்கும். அதனால் ஆராய்ச்சித் தலைப்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

எனக்குக் கவலை, அவள் சேரப்போகும் ஆய்வகம். சேரும் முன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "நீங்கள் ஹாஃப் செல்லோடு நிறுத்திவிடுகிறீர்களா, ஃபுல் செல்லும் செய்கிறீர்களா?" ஹாஃப் செல் என்பது சோதனைக்கான செல், அதில் எதிர்ப்பக்கம் லித்தியம் தகடு இருக்கும், எவ்வளவு வீணானாலும் அது கொடுத்துக்கொண்டே இருப்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது, முடிவுகள் அழகாக வரும். ஃபுல் செல்லில், அதாவது நிஜ பேட்டரியில் இருப்பதுபோல, லித்தியம் அளவாகத்தான் உண்டு. சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒரு சுற்றுக்கு 0.1 சதவீதம் போனால்கூட 500 சுற்றில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும்! தொழிற்சாலையில் நேர்காணல் எடுப்பவர் முதலில் தோண்டுவது இதைத்தான், ஹாஃப் செல் மட்டும் செய்து வெளியே வந்த பிள்ளைகள் அங்கே திணறுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம், அங்கே முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் அவளே நேரில் பேசட்டும். இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாக அனுப்புங்கள். மழுப்பினால் அதே தலைப்பில் வேறு ஆய்வகம் தேடலாம், ஆசையை விடச் சொல்லாதீர்கள்.